மருந்துக்கு அடங்காத கட்டி

துறைமுகத்தில் ‘கழுகு’ என்றால்தான் அவளைத் தெரியும். ராட்சத கிரேனின் உச்சிக் கூண்டில் உட்கார்ந்து, கப்பலிலிருந்து கண்டெய்னர்களை அலுங்காமல் குலுங்காமல் தூக்கி லாரியில் வைப்பாள். வாயைத் திறந்தால் மூட மாட்டாள்.

அப்படிப்பட்டவளுக்குக் கழுத்தில் கட்டி வந்தது. நிணநீர்ப் புற்றுநோய். முதல் கீமோவிலேயே கட்டி பாதியாக வற்றியது. “ஷாம்பு செலவு மிச்சம்” என்று மொட்டைத் தலையைத் தடவிக் கணவனைச் சிரிக்க வைத்தாள். ஆனால் சிகிச்சை முடியுமுன்பே வேதாளம் மறுபடியும் முருங்கைமரம் ஏறியது. அதே மருந்துக்குக் கட்டி இப்போது அசைந்துகொடுக்கவில்லை.

பார்க்க வந்த நாத்தனார், “மனசுல தெம்பு இருந்தாத்தான் மருந்து கேக்கும் அண்ணி. நீங்க மனசை விட்டுட்டீங்க” என்றாள். அன்றிரவு முழுக்க அந்த வார்த்தையையே நினைத்துப் புரண்டுகொண்டிருந்தாள்.

அடுத்த முறை டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டாள். “நான் தைரியத்தை விட்டதாலதான் மருந்து கேக்கலையா டாக்டர்?”

“தைரியத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. கட்டியில இருக்கிற செல்லுங்க எல்லாம் ஒரே மாதிரி கிடையாது. மருந்து பெரும்பாலானதைக் கொன்னுடுச்சு. ஆனா சிலது உள்ள வர்ற மருந்தை வெளிய தள்ளிடும், சிலது பட்ட சேதத்தைத் தானே சரிபண்ணிக்கும். அப்படித் தப்பிச்சதுதான் பெருகி நிக்குது. வேற வழியில தாக்குற மருந்து இருக்கு. முதல்ல கட்டியிலேர்ந்து மறுபடி சதை எடுத்துப் பார்ப்போம்.”

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நெஞ்சிலிருந்த பாறாங்கல் இறங்கிய அழுகை. வீட்டுக்கு வந்ததும் நாத்தனாருக்கு போன் போட்டாள்.

“தப்பு என் மேல இல்லடி. கட்டி பயங்கர கில்லாடி. இப்ப அதுக்கும் மேல ஒரு கில்லாடியை இறக்கப் போறாங்க!”

புதிய மருந்து லேசில் விடவில்லை. வாயெல்லாம் புண். தண்ணீர்கூட இறங்காத நாட்களில் கணவன் ஐஸ் துண்டுகளைக் கரண்டியில் ஊட்டினான். ஆனால் இரண்டாவது சுற்றிலேயே கட்டி கைக்குத் தட்டுப்படவில்லை. பிறகு, அவளுடைய ரத்த மூலச் செல்களையே எடுத்துவைத்து, கடும் மருந்துக்குப் பின் திரும்ப ஏற்றும் ஸ்டெம்செல் சிகிச்சை. கடைசி ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, “இப்ப எங்கேயும் ஒண்ணும் இல்ல. தொடர்ந்து கண்காணிச்சுக்கிட்டே இருக்கணும்” என்றார்.

“நீங்க கண்காணிங்க. நான் வேலையைப் பார்க்கிறேன்!”

மறு வருடம் அவள் கூண்டில் ஏறினாள். கைப்பிடியைப் பற்றினாள். முதல் கண்டெய்னர் சத்தமில்லாமல் லாரியில் உட்கார்ந்தது. கீழிருந்து வாக்கி-டாக்கியில் டிரைவர் கேட்டான், “மேல யாருப்பா அது?”

“வேற யாரு? நான்தான்!”

வரிசையாக நின்ற லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்தன.