பாராங்குக்குப் பதிலாக என்ன எடுத்துப் போவது

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடிகாலையில் என் மோட்டார் சைக்கிளைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்போது எனக்கு ஐம்பத்தொரு வயது. செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் வேலை. கோலசிலாங்கூரில் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டிலிருந்து ஆலைக்கு இருபத்தைந்து நிமிஷம். கடைசி நாலு கிலோமீட்டர் தோட்டத்துக்குள்ளே மண் சாலை. ஏழு மணி ஷிப்டுக்கு ஆறேகாலுக்குக் கிளம்புவேன். அந்த நேரத்தில் இங்கே இன்னும் இருட்டுதான்.

சாலையின் குறுக்கே ஒரு செம்பனை மட்டை கிடந்தது. இறங்கி அதை இழுத்துப் போடக் குனிந்தேன். பின்னாலிருந்து ஒருவன் சட்டைக் காலரைப் பிடித்துக் கால்வாய்ப் பக்கம் தள்ளினான். இன்னொருவன் ஏற்கெனவே வண்டியில் ஏறியிருந்தான். எழுந்து நிற்பதற்குள் பின்விளக்குகூடக் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. முட்டியில் சிராய்ப்பு, அவ்வளவுதான். சேறும் சகதியுமாக ஆலைக்கு நடந்து போனேன்.

"உசிரோட வந்தீங்கல்ல, அது போதும்," என்றாள் மனைவி. எனக்குப் போதவில்லை. நான் எண்பத்தைந்து கிலோ. ஆலையில் ஆளாளுக்கு, "நீ ஒரு குத்து விட்டிருந்தா போதும்லா, ரெண்டு பேரும் எழுந்திரிச்சிருக்க மாட்டானுங்க," என்றார்கள். பாசத்தில்தான் சொன்னார்கள். கேட்கக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

பழைய மோட்டார் ஒன்று வாங்கினேன். அதன் பக்கவாட்டில், சாக்குத் துணியில் சுற்றி, வீட்டில் புல் வெட்டுகிற நீளக் கத்தியை, பாராங்கைச் செருகி வைத்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. முதல் சில நாள், கூட யாரோ வருகிற மாதிரி தெம்பாக இருந்தது. அப்புறம் என் பார்வை மாறிப்போனதைக் கவனித்தேன். சாலையோரம் நடக்கிறவன், ரப்பர் பால் வெட்டப் போகிறவன், சைக்கிளில் போகிற கிழவர், யாரைப் பார்த்தாலும் கண் முதலில் அவர்கள் கையைத்தான் பார்த்தது. அதற்கப்புறம் தோளையும் கழுத்தையும் அளந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை. ராத்திரி பெய்த மழையில் சாலை முழுக்கக் குழி. மெதுவாகப் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் "பாங்! பாங்!" என்று ஒரு சத்தம். மலாயில் அண்ணனைக் கூப்பிடுகிற வார்த்தைதான், ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது மிரட்டலாகத்தான் கேட்டது. டார்ச் வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. யாரோ ஓடி வருகிறான். கையில் ஏதோ பளபளக்கிறது.

வண்டியைக் கீழே போட்டேன். பாராங்கை உருவி ஓங்கிவிட்டேன்.

அந்த ஆள் பத்தடி தள்ளி அப்படியே நின்றான். நாற்பது வயது இருக்கும். தோட்டத்தில் குலை அறுக்கிற வங்காளதேசத்துக்காரன். அவன் கையில் பளபளத்தது என்னுடைய டிபன் கேரியர். எங்கேயோ ஒரு குழியில் கொக்கியிலிருந்து கழன்று விழுந்திருக்கிறது. அதைக் கொடுக்கத்தான் ஓடி வந்திருக்கிறான்.

டிபன் கேரியரைச் சாலையில் வைத்தான். இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். என் முகத்தைப் பார்த்தபடியே பின்னால் நடந்து, கொஞ்ச தூரம் போனதும் திரும்பிச் செம்பனைக்குள் ஓடிவிட்டான். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் டார்ச் வெளிச்சமும் மறைந்துவிட்டது.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். அவள் பாலர் பள்ளியில் உதவியாளர். மறுநாள் பிள்ளைகளுக்காகக் கலர் காகிதத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். திட்டவில்லை.

"எவ்ளோ தூரத்துல நின்னாரு?"

"பத்தடி."

"பத்தடி," என்று அவளும் சொன்னாள். வெட்டிய மீன்களை அடுக்கி வைத்துவிட்டு, "அத மோட்டார்லேர்ந்து எடுத்துட்டு வாங்க. ஞாயித்துக்கிழமை நாம போயி அவரப் பார்ப்போம்," என்றாள்.

மலாய்க்காரர் கடையில் கோழி வாங்கிப் பிரியாணி செய்தாள். கொங்சி ஆட்கள் சாப்பிடுகிற மாதிரி ஹலால் கோழியாக வேண்டும் என்று அதில் கவனமாக இருந்தாள். தோட்டத் தொழிலாளிகள் தங்கியிருக்கிற கொங்சியில் போய் விசாரித்தோம். அந்த ஆள் வாசலுக்கு வந்தார், என்னை அடையாளம் கண்டார், ஓரடி உள்ளே போனார். நான் வழியெல்லாம் மலாயில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியத்தை ஆரம்பிக்கப் போனேன். மனைவி மலாயில் முந்திக்கொண்டாள்.

"இவரு அன்னிக்கு ரொம்பப் பயந்துட்டாரு. மன்னிப்புக் கேக்க வந்திருக்காரு."

அப்படிச் சொல்ல நான் நினைத்திருக்கவில்லை. ஆனால் அதுதான் உண்மை. நான் தலையை ஆட்டினேன். அவர் என்னையும் பிரியாணிச் சட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நானும்தான் பயந்தேன். ஒரு மணி நேரம் மரத்துக்குப் பின்னால உக்கார்ந்திருந்தேன். வேலை வாங்குற மண்டோர்கிட்ட வயித்து வலின்னு சொல்லிட்டேன்."

அன்று அங்கேயே எல்லாரோடும் சாப்பிட்டோம். சம்பள நாளில் அவர்களையும் திருடர்கள் வழி மறிக்கிறார்களாம். "கத்தி வெச்சிருந்தா போலீஸ் எங்களத்தான் பிடிக்கும்," என்று சொல்லிக் கழுத்திலிருந்த நூலை வெளியே இழுத்துக் காட்டினார். ஒரு விசில். அங்கே இருந்த ஆறு பேர் கழுத்திலும் அதே மாதிரி ஒன்று. ஒருத்தர் ஊதினால் எல்லாரும் அவரிடம் ஓடி வருவது என்று பேசி வைத்திருந்தார்கள்.

திரும்பி வரும்போது மனைவி பின்னால் உட்கார்ந்து என் காதருகே சொன்னாள்: "உங்களுக்கும் ஏதாச்சும் வேணும்தான். சும்மா போகச் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க ஒரு ஆளத் தப்பா நெனச்சுட்டாலும், அந்த ஆளு முழுசா வீட்டுக்குப் போகணும். அந்த மாதிரி ஒண்ணா பாத்து வாங்குவோம்."

அதற்கப்புறம் வந்த சில வாரங்கள் எங்கள் வீட்டில் ஒரே கலகலப்பு. ரவாங்கில் வேலை செய்கிற மகள் தினமும் போனில் படங்கள் அனுப்பினாள். கரண்டு அடிக்கிற கருவி ஒன்றின் படத்தை அனுப்பிவிட்டு அவளே உடனே கூப்பிட்டாள்: "அப்பா, அத வாங்கிடாதீங்க. லைசன்ஸ் இல்லாம வெச்சிருக்கக் கூடாதாம்லா. கடையில விக்கிறான்னு நம்பிடக் கூடாது." மனைவிக்கு இணையத்தில் படித்தது போதவில்லை. நேரே போலீஸ் நிலையத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். கரண்டு கருவி கூடாது. காரணமில்லாமல் பாராங்கைச் சாலையில் எடுத்துப் போவது குற்றம். மிளகாய் ஸ்ப்ரே பற்றிக் கேட்டபோது அந்த அதிகாரி கொஞ்சம் இழுத்தாராம். "அவரு மூஞ்சியே சரியில்ல," என்று சொல்லி, எழுதி வந்த தாளில் அதை அடிக்கோடிட்டு வைத்தாள்.

இருந்தாலும் சோதித்துப் பார்த்துவிடுவது என்று, துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கிற பாட்டிலை நிரப்பி என் கையில் கொடுத்தாள். பின் சந்தில் நான் மோட்டாரில் உட்கார்ந்தேன். அவள் திருடனாக வந்தாள். நான் அடித்தேன். கடல் பக்கத்திலிருந்து வந்த காற்று அத்தனையையும் என் மூக்குக்கண்ணாடியிலேயே கொண்டுவந்து போட்டது. இன்னொரு தடவை அடித்தேன். மறுபடியும் என் முகம்தான். திருடன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஸ்ப்ரே பேச்சு அத்தோடு முடிந்தது.

மடக்குத் தடி ஒன்றை ஆலைச் சிநேகிதர் கொண்டுவந்து காட்டினார். மனைவி அதை வாங்கிக் கையில் எடை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "பாய்லருக்குச் செம்பனைக் கொட்டை ஓடு தள்ளித் தள்ளி உரமேறுன கை. லேசா அடின்னா இவருக்குத் தெரியுமா? அதோட, அடிக்கணும்னா கிட்டப் போகணும். கிட்டயே போக வேணாம்." விசில் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் முகம் மூடுகிற ஹெல்மெட்டுக்குள் ஊத முடியவில்லை. மூடியைத் தூக்கி, நூலைத் தேடி, வாயில் வைப்பதற்குள் திருடன் செகிஞ்சான் ஊருக்கே போய்ச் சேர்ந்துவிடுவான்.

கடைசியில் இரண்டு சாமான் தேறின. ஒன்று, நல்ல வெளிச்சம் தருகிற டார்ச். எதிரில் வருகிறவன் கண்ணைக் கூசச் செய்யும். அதைவிட முக்கியம், வருகிறவன் கையில் என்ன இருக்கிறது என்று எனக்குக் காட்டும். இன்னொன்று, கட்டைவிரல் அளவு அலாரம். ஊசியை இழுத்தால் அலறும். முதல் தடவை அதைச் சமையலறையில் இழுத்துப் பார்த்தோம். சந்திலிருந்த நாய்களெல்லாம் குரைத்தன. பக்கத்து வீட்டு மலாய் அம்மா தலையில் துண்டோடு, துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். மனைவி அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பிச் சொன்னாள்: "பாத்தீங்களா? ஆளு வந்துட்டாங்க."

அலாரத்தை மோட்டார் கைப்பிடியில் கட்டி, ஊசியின் கயிற்றை இடது மணிக்கட்டில் மாட்டிக்கொண்டேன். என்னைக் கீழே தள்ளினாலும் அதுவாகவே கழன்று கத்தும். அந்த யோசனை மகளுடையது.

போன வருஷம் அது ஒரு தடவை கத்தியது. மதகு தாண்டிய திருப்பத்தில் ஒரு மோட்டார் பின்னாலிருந்து வந்து என்னை உரசுகிற மாதிரி நெருங்கியது. அதில் இரண்டு பேர். பின்னால் இருந்தவன் கையை நீட்டியது போலப் பட்டது. இழுத்துவிட்டேன். அந்தச் சத்தத்தில் அவர்கள் வண்டி ஒரு ஆட்டம் ஆடி, நிமிர்ந்து, வேகமாகப் போய்விட்டது. நான் ஓரமாக நிறுத்தினேன். அவசரத்தில் ஊசியைத் திரும்பச் செருக முடியவில்லை. அலாரம் கத்திக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் மரங்களுக்கிடையே டார்ச் வெளிச்சங்கள் தெரிந்தன. கொங்சி ஆட்கள் நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். என் டிபன் கேரியர்க்காரர் அதில் இல்லை. அன்று அவருக்கு வேறு பக்கம் வேலை. ஒருவர் ஊசியை வாங்கிச் செருகினார். இன்னொருவர் தண்ணீர் கொடுத்தார். ஆலைப் பாதை வரைக்கும் கூடவே வந்துவிட்டுப் போனார்கள்.

அந்த இரண்டு பேரும் திருடர்களா, அல்லது குழிக்கு ஒதுங்கியவர்களா, எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாமல் போனதில் வருத்தமும் இல்லை. வேலைக்குப் போகிறவர்களாக இருந்தால், காது அடைத்துப்போய், என்னைத் திட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்திருப்பார்கள். நானும் அன்று ஐந்து நிமிஷம் தாமதமாக ஷிப்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். காலைப் பசியில் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

இதைக் கேள்விப்பட்டு பாலர் பள்ளி ஆசிரியைகள் மூன்று பேர் தங்களுக்கும் அலாரம் வாங்கித் தரச் சொன்னார்கள். மனைவி வெறுமனே வாங்கிக் கொடுக்கிறவள் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் அவர்களைப் பின் சந்துக்கு வரச் சொன்னாள். இந்தத் தடவை நான்தான் திருடன். கைப்பையோடு நடந்து வந்த ஆசிரியையை நோக்கி நான் மெதுவாக ஓடினேன். "இன்னும் வேகமாங்க! திருடன் இப்படியா ஓடுவான்?" என்று மனைவி சுவரோரம் நின்று கத்தினாள். நான் வேகத்தைக் கூட்டுவதற்குள் அலாரம் அலறியது. பக்கத்து வீட்டு அம்மா இப்போதெல்லாம் துடைப்பத்தோடு வருவதில்லை. எங்கள் கூத்தைப் பார்க்க நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்.