பேன்ட்ரி சாவி என் தம்பியிடம்தான் இருந்தது

என் தம்பி நாகராஜைச் சமையல்காரன் என்று சொல்கிறவர்கள் உண்டு. அது தவறு. சமையல்காரன் வேறு, பட்லர் வேறு. சமையல்காரனுக்கு அடுப்பு. பட்லருக்கு வாசல் கதவிலிருந்து சாப்பாட்டு மேஜை வரை முழு வீடும் பொறுப்பு. ராயப்பேட்டையில் எங்கள் சந்திலிருந்து அந்த வேலைக்குப் போனவன் அவன் ஒருவன்தான். பதினாறு வயதில் அடையாற்றில் ஒரு வெள்ளைக்கார மானேஜர் பங்களாவில் தட்டுக் கழுவச் சேர்ந்தான். முப்பது வயதில் அதே பங்களாவுக்குப் பட்லர் ஆனான்.

1966இல் அந்த மானேஜர் கப்பல் ஏறிவிட்டார். வீட்டை மாணிக்கவாசகம் என்பவர் வாங்கினார். திருச்செந்தூர் பக்கத்துக்காரர். தி. நகரில் பெரிய ஜவுளிக்கடை, மனைவி இல்லை, ஒரே மகள் தங்கபுஷ்பம். "மேஜை, நாற்காலி, பட்லர் எல்லாம் சேர்த்துத்தான் விலை போல" என்று சிரித்துவிட்டு என் தம்பியையும் வேலையில் வைத்துக்கொண்டார்.

தங்கபுஷ்பத்துக்கு அப்போது பத்தொன்பது வயது. முதல் நாள் நாகராஜ் கத்தி, முள்கரண்டி எல்லாம் வரிசையாக வைத்தானாம். அவள் அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு வாழையிலை கேட்டாள். இவன் மேஜை மேல் இலையை விரித்து, அதன் வலப்பக்கம் ஒரு கரண்டியை நூல் பிடித்தது போல வைத்தான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அண்ணாச்சி, சொதிச் சோத்தக் கரண்டியாலயா திங்கச் சொல்லுதீய?"

"மேடம், அண்ணாச்சின்னுலாம் கூப்டக் கூடாதுங்க. பட்லர்னு கூப்டுங்க."

"அது உங்க வேலை. பேரா? நான் அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவேன், போங்க."

மத்தியான வேளையில் அவன் வெள்ளிச் சாமான் துலக்கும்போது அவளும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாளாம். பழைய துரையும் துரைசானியும் சூப்பில் உப்பு இல்லை என்று சண்டை போட்டதை அவன் நடித்துக் காட்டுவான். அவள் தன் ஊர்க்காரர்கள் பேசுவதைப் பேசிக் காட்டுவாள். பன்னிரண்டு நாற்காலி போட்ட மேஜையில் தனியாகச் சாப்பிடுகிற பெண்ணுக்கு வேறு யார் இருந்தார்கள்? அப்பா காலையில் கடைக்குப் போனால் இரவுதான் வருவார்.

1971 ஆவணியில் மாணிக்கவாசகம் மாரடைப்பில் இறந்துபோனார். கடையில் பாதியும் அந்த வீடும் மகளுக்கு என்று எழுதி வைத்திருந்தார். மீதிப் பாதிக்குச் சொந்தக்காரர் அவருடைய தம்பி சுயம்புலிங்கம். அதிலிருந்துதான் எங்கள் எல்லோருக்கும் பயம் பிடித்தது.

அப்பா போன பிறகு அந்தப் பெண்ணுக்கு ஒரு கோளாறு வந்தது. நாகராஜிடம் பேசுவாள், அவன் கோட்டுகளைத் தேய்த்துக் கொடுக்கப் போகும் என்னிடம் பேசுவாள். சித்தப்பாவைக் கண்டால் மட்டும் தொண்டை அடைத்துவிடும். உதடு அசையும், சத்தம் வராது. பதினாறாம் நாள் காரியத்தில் அதைப் பார்த்த சுயம்புலிங்கம், "பிள்ளைக்குப் புத்தி பேதலிச்சிட்டு" என்று சொந்தக்காரர்களிடம் சொல்ல ஆரம்பித்தார். அவருக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் இருந்தார். ஊருக்கு வெளியே ஒரு மனநோய் விடுதியும் பேசி வைத்திருந்தார். டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். அவள் உள்ளே, சொத்து அவர் கையில்.

அந்த வீட்டில் பேன்ட்ரி என்று ஓர் அறை. பீங்கான், வெள்ளிச் சாமான் எல்லாம் அங்கேதான் இருக்கும். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டப்படி அதற்கு ஒரே சாவி. அது பட்லர் பையில் இருக்கும், முதலாளிக்குக்கூடக் கிடையாது. நாகராஜ் அந்தச் சட்டத்தை மாற்றவில்லை. டாக்டரோடு சித்தப்பா கார் வந்து நின்றதும் தங்கபுஷ்பம் அந்த அறைக்குள் ஓடி, "பூட்டிருங்க அண்ணாச்சி" என்பாள். இவன் பூட்டிவிட்டு, கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு, வாசலுக்குப் போய் "மேடம் வீட்ல இல்லீங்க" என்பான்.

இதில்தான் என் தம்பி தப்பு செய்தான். துரைமார் வீடுகளில் பட்லர் அப்படிச் சொன்னால், இன்று பார்க்க விருப்பம் இல்லை என்று அர்த்தம். வந்தவர் தொப்பியைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். சித்தப்பாவும் இரண்டு தடவை திரும்பிப் போனார். அவரும் புரிந்துகொண்டார் என்று இவன் நினைத்தான். அவர் போனது போலீஸுக்கு.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, பகல் மூன்று மணி. கஞ்சி போட்டுத் தேய்த்த அவனுடைய வெள்ளைக் கோட்டு இரண்டையும் கொடுக்க நான் போயிருந்தேன். கார் சத்தம் கேட்டது. தங்கபுஷ்பம் என் கையை உதறிவிட்டு ஓடினாள். சாவி திரும்புகிற சத்தம் கேட்டது. நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

இந்தத் தடவை சித்தப்பாவோடு ஒரு சப் இன்ஸ்பெக்டரும் இரண்டு கான்ஸ்டபிள்களும். நாகராஜ் வழக்கம்போல மேடம் வீட்டில் இல்லை என்றான். அவர்கள் வீட்டைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். பேன்ட்ரி கதவைத் தட்டினார்கள். உள்ளே ஒரு தட்டு விழுந்து உடைந்தது.

"சாவி யார்ட்ட?"

நாகராஜ் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். கதவைத் திறந்தால், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் அந்தப் பெண் ஒடுங்கி நிற்கிறாள்.

"இன்னாடா, வீட்ல இல்லன்ன? இது யாரு, உங்க ஆயாவா?" என்று ஒரு கான்ஸ்டபிள் அவன் கழுத்தைப் பிடித்தான்.

"பாத்தியளா சார்! ஆட்டுக்குட்டி மாதிரி பிள்ளைய அடைச்சு வச்சிருக்கான்" என்றார் சுயம்புலிங்கம்.

சப் இன்ஸ்பெக்டர் தன்மையாகத்தான் கேட்டார். "பயப்படாதம்மா. இவன் உன்ன அடைச்சு வெச்சானா? நீயா போனியா?"

அவள் சித்தப்பாவைப் பார்த்தாள். உதடு அசைந்தது. சத்தம் இல்லை. மறுபடியும் கேட்டார். அவள் கழுத்து நரம்பு புடைத்தது, அவ்வளவுதான்.

தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சுயம்புலிங்கம் வாசற்படியில் நின்று டிரைவரிடம் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. "நான் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டு வாரேன். நீ போயி டாக்டரக் கூட்டிட்டு ஒரு மணி நேரத்துல இங்க வந்துரு. இன்னைக்கே கொண்டு போயிரணும்."

நான் பேன்ட்ரிக்கு ஓடினேன். அவள் அறைக்குள்ளேயே நின்றாள்.

"இன்னாம்மா இது! அவன உள்ள தள்ளிக்கினு போறான், நீ வாய மூடிக்கினு நிக்கிற?" என்று கத்திவிட்டேன்.

"வரமாட்டேங்குது அக்கா. அவரப் பாத்தா வரமாட்டேங்குது." அழவில்லை.

"இங்க இருந்தா உன்னயும் கொண்டு பூடுவான். அங்க வந்தா ஒரு வேள வாய் தொறந்தாலும் தொறக்கும். கெளம்பி வா."

அவள் செருப்புக்கூடப் போடவில்லை. சைக்கிள் ரிக்ஷாவில் போகும்போது பின்னால் வந்த ஒவ்வொரு கார் சத்தத்துக்கும் என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பேசாவிட்டால் என் தம்பி ஜெயிலுக்குப் போவான். நானே அந்தப் பெண்ணைக் கொண்டுபோய் அவள் சித்தப்பா கையில் கொடுத்த மாதிரியும் ஆகும். ரிக்ஷாவைத் திருப்பச் சொல்லலாமா என்று இரண்டு தடவை வாயெடுத்தேன்.

ஸ்டேஷனில் சுயம்புலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். என் தம்பி தரையில். கோட்டைக் கழற்றிவிட்டார்கள். இருபது வருஷத்தில் வெளி ஆள் முன்னால் பனியனோடு அவன் இருந்ததை நான் பார்த்ததில்லை.

தங்கபுஷ்பம் உள்ளே காலை வைத்ததும் நாகராஜ் எழுந்து நின்றான். அவன் வேலை அப்படி. முதலாளி நிற்கும்போது பட்லர் உட்காரக் கூடாது.

"டேய், குந்துடா." கான்ஸ்டபிள் தோளில் அறைந்து உட்கார வைத்தான்.

"யம்மா, நீ எதுக்கு இங்க வந்த? வண்டி வீட்டுக்கு வரும், போ" என்றார் சித்தப்பா. அவள் வாய் திறந்தது. காற்றுதான் வந்தது. அவள் நிற்பதைப் பார்த்து நாகராஜ் மறுபடியும் எழுந்தான்.

"திமிரப் பாத்தியா இவனுக்கு!" இந்தத் தடவை லத்தி. முழங்காலுக்குக் கீழே. அவன் விழுந்தான். விழுந்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலால், மறுபடியும் எழுந்துகொண்டிருந்தான். எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. கான்ஸ்டபிள் கையை ஓங்கினான்.

"அண்ணாச்சி, உக்காருங்க!"

ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. அவள் குரல் கிழிந்த துணி மாதிரி இருந்தது. "உக்காருங்க அண்ணாச்சி! அடிக்கான்லா!" என்று சொல்லிக்கொண்டே போய் அவன் பக்கத்தில் அவளும் தரையில் உட்கார்ந்தாள். அதன் பிறகுதான் அவனும் உட்கார்ந்தான்.

சப் இன்ஸ்பெக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டார். "இப்ப சொல்லும்மா. யார் பூட்டச் சொன்னது?"

"நான்தான் சொன்னேன்."

"ஏன்?"

அவள் சித்தப்பா பக்கம் கையை நீட்டினாள். "அவருக்குப் பயந்து."

சுயம்புலிங்கம் எழுந்து கத்தினார். அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடியும் அடைத்துவிடும் என்று பயந்தாளோ என்னவோ. டாக்டர், விடுதி, தாள் எல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டபோது மணி ஐந்தரை.

"இவ்ளோ தெளிவா பேசற பொண்ணையா பைத்தியம்னீங்க?" என்று சப் இன்ஸ்பெக்டர் சுயம்புலிங்கத்தைக் கேட்டார். தம்பியின் கோட்டைத் திருப்பிக் கொடுத்து, எங்களைப் போகச் சொன்னார்.

வெளியே வந்தோம். எதிர்ப்பக்கம் சித்தப்பாவின் கார் நின்றது. வீட்டில் அவளைக் காணாமல் டிரைவர் இங்கே வந்திருக்க வேண்டும். பின்சீட்டில் டாக்டர் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். அதைத் தாண்டித்தான் ரிக்ஷா நிற்கும் இடத்துக்குப் போக வேண்டும். தம்பி நொண்டினான். தங்கபுஷ்பம் அவன் ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள், நான் மறு கையை.

"மேடம், ரோட்ல இப்டி புடிக்கக் கூடாதுங்க" என்றான்.

"பேசாம வாங்க" என்றாள். காரின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. நாங்கள் மூவரும் திரும்பிப் பார்க்காமல் நடந்தோம்.