மிளகளவு சிறகுத் தோல்

ஜவ்வாது மலையில் அருவி எங்கே, தங்க இடம் உண்டா என்று கேட்டு எழுதுகிறீர்கள். நான் முதன்முதலில் அந்த மலை ஏறியது ஒரு வௌவாலுக்காக. எண்பத்து மூன்றாம் வருடம், பங்குனி மாதம். அப்போது நான் சென்னையில் ஆராய்ச்சி மாணவி. திருப்பத்தூர்ப் பக்கம் சமவெளியில் இருக்கிற சின்ன வௌவாலும் மலைமேல் இருப்பதும் பார்வைக்கு ஒன்றேதான். மியூசியத்து மாதிரிகளை வைத்துப் பார்த்தால் பல், காது, ரோமம் எதிலும் வித்தியாசம் கிடையாது. ஆனால் இரண்டும் வேறு வேறு இனம் என்று நான் சாதித்துக்கொண்டிருந்தேன். மிச்சமிருந்த ஒரே சாட்சி குரோமோசோம். அதை எண்ணிக் காட்டாவிட்டால் நான்கு வருட உழைப்பு கோவிந்தா.

காலை ஆறரைக்கு வாணியம்பாடியில் ரயிலை விட்டு இறங்கினேன். ஆலங்காயத்துக்குப் பஸ், ஒன்றேகால் ரூபாய். அங்கே சோடாக் கடையில் எட்டணாவுக்கு ஐஸ் வாங்கி பிளாஸ்கில் போட்டுக்கொண்டேன். பத்து மணி மலைப் பஸ் பதினொன்றேமுக்காலுக்கு வந்தது. வௌவால் இருக்கிற ஊரில் இறக்கிவிடச் சொன்னேன்.

"வவ்வா இல்லாத ஊரு எங்கம்மா கீது?" என்றார் டிரைவர். பிறகு இரக்கப்பட்டு ஒரு புளியந்தோப்பு ஓரம் நிறுத்தினார். "பச்சையம்மாவ கேளுங்க. அவங்க மரத்துப் பொந்துல நெறைய கீது."

அந்த மரத்துக்கு அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் நடை. பச்சையம்மா புளி உலுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கேள்வி கேட்காமல் ஏணியைச் சாத்திக் கொடுத்தார். பொந்துக்குள் கைவிட்டதும் எல்லாம் பறந்துவிட்டன, ஒன்றைத் தவிர. அதைப் பிடித்துப் போட்ட துணிப்பையைத் திறந்து பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. அதன் வயிற்றில் ரோமம் முளைக்காத குட்டி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்றைய எங்கள் வழி இதுதான்: வௌவாலுக்கு ஊசி போட்டு, சற்று நேரத்தில் கொன்று, எலும்பு மஜ்ஜையை எடுத்துக் கண்ணாடித் துண்டில் பரப்பி எண்ணுவோம். அதற்கு முன் சமவெளியில் பதினொன்றைத் தயங்காமல் கொன்றிருக்கிறேன். அன்று ஊசியை எடுக்கவே முடியவில்லை.

"இன்னாம்மா பண்ணப் போற?" என்றார் பச்சையம்மா. சொன்னேன்.

"தாய சாவடிச்சா குட்டி இன்னா பண்ணும்? ஒனக்கு இன்னாதான் வோணும் அதுங்கிட்ட?"

"அடையாளம் வேணும்க்கா. இது எந்த இனம்னு."

"அடையாளத்துக்கா? எங்க ஆட்டுக்குக் காதுல துளி கத்தரிப்போம். ஆடு நல்லாத்தானே மேயுது?"

எனக்குப் பொறி தட்டியது. தோல் செல்லை வளர்த்தும் எண்ணலாம் என்று படித்திருந்தேன். எங்கள் லேபில் முயன்றவர்கள் எல்லாம் தோற்றிருந்தார்கள். ஆனாலும், இருக்கட்டும் என்று ஊட்டத் திரவம் ஒரு சிறு குப்பி கொண்டுவந்திருந்தேன். சிறகுத் தோலில் மிளகளவு கத்தரித்து அதில் போட்டேன். பச்சையம்மா வௌவாலைத் தன் முந்தானையில் வாங்கி, அவரே ஏணியேறிப் பொந்தில் விட்டார்.

பிளாஸ்கில் ஐஸ் எப்போதோ தண்ணீராகியிருந்தது. குப்பி குளிர்ச்சியாக இருந்தால்தான் செல் பிழைக்கும்; மலையில் ஐஸுக்கு எங்கே போவது? அன்றிரவு என்னைத் தன் வீட்டில் தங்கவைத்த பச்சையம்மா, தண்ணீர்ப் பானைக்கு அடியில் இருந்த ஈர மணலில் குப்பியைப் புதைத்தார். காலையில் ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்து, "வழியெல்லாம் தண்ணி தெளிச்சினே போ" என்றார். ரயில் நின்ற ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழாயைத் தேடி ஓடினேன்.

"சவம் எங்கே?" என்றுதான் எங்கள் பேராசிரியர் முதலில் கேட்டார். இல்லை என்றதும் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. மூன்றாம் வாரம் செல் வளர்ந்தது. எண்ணினேன். சமவெளி வௌவாலைவிட இரண்டு குரோமோசோம் குறைவு. நான்கு தடவை எண்ணிவிட்டு, மைக்ராஸ்கோப்பிலேயே தலையைச் சாய்த்து அழுதேன். பேராசிரியரும் வந்து எண்ணினார். அப்புறம்தான் பேசினார்.

போகிறவர்களுக்கு: பஸ் நேரத்தை நம்பாதீர்கள், சாப்பாடு கையில் இருக்கட்டும். மாசி, பங்குனியில் மரப்பொந்துகளுக்குள் டார்ச் அடிக்க வேண்டாம், உள்ளே குட்டிகள் இருக்கும்.

எங்கள் லேப் பதிவேட்டில் கடைசிக் கட்டம், உடல் எந்தப் பாட்டிலில் இருக்கிறது என்று எழுதுவதற்கு. பதினோரு வரியில் பதினோரு பாட்டில் எண். பன்னிரண்டாவது வரியில் நான் எழுதியது இன்றும் இருக்கிறது: "பச்சையம்மாவின் புளியமரத்தில், குட்டியோடு."