திறக்காத தண்ணீர் பாட்டில்

மேசை நடுவில் சின்னதாக ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி. பேசப்போகிறவருக்கு மரியாதை என்று யாரோ அதன் முன்னால் தண்ணீர் பாட்டில் ஒன்றையும் வைத்திருந்தார்கள். வேதியியல் ஆசிரியையை நினைத்தால் எனக்கு அந்தப் பெட்டிதான் ஞாபகம் வரும். முகத்தை நான் பார்த்ததே இல்லை.

சவூதியின் தம்மாம் நகரில் இரண்டாண்டுப் படிப்புகள் நடத்திய சமுதாயக் கல்லூரி அது. இரண்டாயிரங்களின் நடுவில் அங்கே கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். பெண்கள் பிரிவு மதிலுக்கு அப்பால். வேதியியல் ஆசிரியை அந்தப் பக்கம். வாரம் முழுக்க வகுப்பு இருக்கும் இடத்தில் ஆராய்ச்சி என்றால் சக ஆசிரியர்களே சிரிப்பார்கள். அவரோ ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து, பேரீச்சங்கன்றுக்கு ஊற்றலாமா என்று தன்பாட்டில் சோதித்துக்கொண்டிருந்தார். ஆய்வுக்குழு சம்மதித்தால்தான் மறுவருஷமும் அதைத் தொடர முடியும். குழு எங்கள் பக்கம். அதனால் அவர் அங்கிருந்தே பேச, நாங்கள் பெட்டியில் கேட்பதாக ஏற்பாடு.

பாதிப் பேச்சிலேயே பிரியாணி வந்துவிட்டது. ஒவ்வொருவராக நழுவினார்கள். குழுத் தலைவரும் என்னிடம் "கலாஸ்", முடிந்தது என்று கையை விரித்துவிட்டுப் போனார். இணைப்பைத் துண்டிக்க எனக்கு மனசு வரவில்லை.

பேசி முடித்து, கேள்விகள் உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒன்று கேட்டேன். பதில் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அடுத்ததையும் நானே கேட்டேன்.

"சார், நீங்க தமிழா?"

"ஆமா மேடம், கும்பகோணம் பக்கம்."

"அங்க வேற யாரும் இல்லைல்ல?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்ல மேடம். சாப்பிடப் போயிட்டாங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்ப தமிழ்லயே சொல்லட்டுமா? இதை யார்கிட்டயும் முழுசா சொன்னதில்ல."

முதலிலிருந்து சொன்னார். ஆங்கிலத்தில் இல்லாத சிரிப்பெல்லாம் இப்போது வந்தது. கன்று குருத்து விட்ட அன்று, கூப்பிட்டுக் காட்ட ஆளில்லாமல் தானே கைதட்டிக்கொண்டாராம். அறைக்குப் போனால் எனக்கும் பேச ஆள் கிடையாது. பிரியாணி தீர்ந்துபோனதைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

குழு சம்மதிக்கவில்லை. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரவும் இல்லை. அதற்கு முன் கடைத்தெருவில் எத்தனையோ முறை என் எதிரே வந்திருப்பார்; எனக்கு எப்படித் தெரியும்?

இப்போது கூட்டங்களெல்லாம் கணினியில் நடக்கின்றன. "நான் பேசுறது கேக்குதா?" என்று யாராவது கேட்டால் மற்றவர்கள் சும்மா இருப்பார்கள். நான் முந்திக்கொண்டு, "கேக்குது, சொல்லுங்க" என்பேன். சொல்லும்போதே என் மேசை நடுவில் அந்தப் பெட்டியும், யாரும் திறக்காத அந்தத் தண்ணீர் பாட்டிலும் வந்து உட்கார்ந்துவிடும்.