அடுக்களைக்குப் போன ஸ்பீக்கர்

மகன் வெளியூர் வேலைக்குப் போனபோது விட்டுச்சென்ற கிட்டார் ஆம்ப்ளிஃபையர் பழுதாகி, உள்ளே இருந்ததெல்லாம் கழற்றப்பட்டு வெறும் மரப்பெட்டியாகக் கிடந்தது. ஒரு நாள் மனைவி, "அடுக்களைல ஒரு சம்சாரமும் இல்ல, கேட்டேளா" என்றாள். நான் திருநெல்வேலிக்காரன், எங்களுக்குச் சம்சாரம் என்றால் மனைவி. கரமனையில் வளர்ந்த அவளுக்கு, மலையாளத்தில் சொல்வதுபோல, பேச்சு. கல்யாணமான புதிதில் இதில் குழம்பியிருக்கிறேன். இந்த முறை சரியாகப் புரிந்துவிட்டதாகவே நினைத்தேன்.

சாலைக் கடைத்தெருவில் ஒரு ஸ்பீக்கர் வாங்கி அந்தப் பெட்டிக்குள் பொருத்தினேன். கூடத்து டிவியோடு இருக்கும் ஆம்ப்ளிஃபையரிலிருந்து அடுக்களைவரை ஒயர் இழுத்தேன். செய்தி வாசிப்பவர் குரல் அடுப்புக்குப் பக்கத்தில் கணீரென்று கேட்டது. சோபாவில் சாய்ந்துகொண்டு, "இப்போ சம்சாரம் கேக்குதா?" என்று கத்தினேன்.

அடுக்களையில் செய்தி நின்றுவிட்டது. எழுந்து போய்ப் பார்த்தால், ஒயரைப் பிடுங்கியிருந்தாள். பெட்டியைத் தன் பக்கம் நகர்த்தி, "இதுமேல உக்காருங்கோ" என்றாள்.

உட்கார்ந்தேன்.

"சொல்லுங்கோ."

"கறிவேப்பிலை இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு. வேற?"

அந்த 'வேற'வுக்கு என்ன சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தினமும் போய் அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்துகொள்கிறேன்.