ஆமாம் என்று ஆட்டிய தலை

மெக்சிகோவில் இருக்கும் என் ஐந்து வயதுப் பேத்திக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் வரும். "தமிழ் சொல்லிக் குடுடா" என்று மகனிடம் கேட்டு அலுத்து, நானே ஸ்பானிஷ் படிக்கிறேன். ஆங்கிலச் சாயல் உள்ள சொற்களாகப் பொறுக்கிப் படித்தால் எளிது.

இன்று திருப்பதி பஸ்ஸில் போகும்போது வீடியோ காலில் வந்தாள்.

"ஃபமிலியா எஸ் இம்போர்தாந்தே" என்றேன். குடும்பம் முக்கியம் என்று பொருள். பேத்தி கைதட்டினாள்.

பக்கத்து சீட்டுக்காரர், "இன்னா பாஷை பெரியவரே, நெல்லூர் தெலுங்கா?" என்றார்.

பேத்தி, "விசிதார் மெஹிகோ?" என்று கேட்டாள். மெக்சிகோ வருவாயா என்கிறாள். ஆங்கில விசிட்தான், புரிந்துவிட்டது. நம் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன்.

அவள் முகம் சுருங்கியது. போனைக் கீழே போட்டுவிட்டு ஓடிவிட்டாள்.

மகன் எடுத்தான். "இன்னா நைனா, வரமாட்டேன்னுட்டியா? அழுதுக்கினு போறா."

"வரேன்னுதாண்டா ஆட்டினேன்!"

"இங்க அப்படி ஆட்டினா இல்லேன்னு அர்த்தம், நைனா."

"அவளைக் கூப்பிடு."

"கதவ சாத்திக்கினா."

ரேணிகுண்டா வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழைப்பு வரவில்லை.

தமிழ்தான் சொல்லிக் கொடுக்கவில்லை. நம் தலையாட்டலையாவது அவன் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கக் கூடாதா? நீங்களே சொல்லுங்கள்.