பக்கத்து வீட்டு முறுக்கு

புக்கிட் காத்தில் ஊரில் ராகினியின் முறுக்குக்கு மூன்று விற்பனைச் செயலிகளில் கடை, மூன்றிலும் ஐந்து நட்சத்திரம். ஒரு நட்சத்திரம் உதிர்ந்தாலும் தீபாவளி வியாபாரம் படுத்துவிடும் என்று, பெற்ற பிள்ளையைப் போல அவற்றைக் காத்து வந்தாள்.

அன்று வந்த ஆர்டர் பக்கத்து வீட்டு இருசம்மாளுடையது.

"அக்கா, வேலிமேலயே குடுத்துடவா?"

"ஐயோ வேணாம்லா! தள்ளுபடி வவுச்சர் போட்டிருக்கேன். ஒழுங்கா பார்சல்ல அனுப்பு."

முறுக்கு ஷா ஆலம் கூரியர் கிடங்குக்குப் போனது. அங்கிருந்து எதற்கோ ஜோகூருக்கும் போனது. அக்கா தினமும் வேலியோரம் வந்து, "வந்துச்சா?" என்று ராகினியிடமே கேட்டாள். மனம் கேளாமல் ராகினி ஒவ்வொரு முறையும் சுடச்சுட ஒரு தட்டு முறுக்கு நீட்டினாள். அக்காவும் மறுக்கவில்லை.

ஒருவழியாகப் பார்சல் வந்தது, மாவாக. அக்கா நேர்மையானவள், ஓசியில் தின்றதற்காகப் பொய் எழுதுவாளா? ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு எழுதினாள்: "எல்லாம் தூள். எங்க பக்கத்து வீட்டு முறுக்கு இதவிட நூறு மடங்கு மேல்."

ராகினி தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். சாயங்காலத்துக்குள் அவள் கடைக்கே கேள்விகள் குவிந்தன.

"அந்தப் பக்கத்து வீட்டு நம்பர் கெடைக்குமா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, ராகினி தன் நம்பரையே அனுப்பினாள்.